பழைய புல்லட்டுக்குச் சத்தம் குறைந்த சைலன்சர்: பார்த்து வாங்கும் விதம்

புல்லட்டின் ‘டுப் டுப்’ வேறு, காதைக் கிழிக்கும் சத்தம் வேறு. உள்ளே ஒன்றுமில்லாத குழாயை மாட்டினால்தான் அந்த ‘டுப்’ கேட்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. 346 சிசி, ஒரே சிலிண்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். அந்தத் தாளம் இன்ஜினிலேயே இருக்கிறது, நல்ல சைலன்சர் அதை எடுத்துவிடாது. அதன் மேல் ஏறி நிற்கிற வெடிப்பையும் கரகரப்பையும் மட்டும்தான் எடுக்கும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். விடியற்காலை நாலு மணிக்கு நான் காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பினால்தான் கடைக்குக் காய் வரும். அந்த நேரத்தில் தெருவில் கைக்குழந்தை தூங்கும், நோயாளி அப்போதுதான் கண் அசந்திருப்பார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் வண்டி 1994 மாடல், பழைய அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின். முன்பு வைத்திருந்தவர் மாட்டிய ‘இந்தோரி’ என்ற சத்தமான குழாயோடுதான் என்னிடம் வந்தது. அதைக் கழற்றிவிட்டு அமைதியான ஒன்றைத் தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் வண்டியைப் பாருங்கள். சத்தம் முழுவதும் சைலன்சரிலிருந்துதான் வருகிறதா? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கனமான ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி மட்டும் லேசாக அடைக்கச் சொல்லி, நீங்கள் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் பக்கம் காது கொடுங்கள். பழைய அயர்ன் இன்ஜினில், சைலன்சருக்குப் புகை கொண்டுபோகிற வளைந்த குழாயான பெண்ட் பைப் ஹெட்டுக்குள் செருகித்தான் நிற்கும். அந்த இடம் தேய்ந்திருந்தால் ‘சுஸ்சுஸ்’ என்று காற்று வரும், சுற்றிலும் கரி படிந்திருக்கும். பெண்டும் சைலன்சரும் சேருகிற கிளாம்பிலும் இதே கதைதான். ஆக்சிலேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிப்பது பெரும்பாலும் இந்த ஒழுகலால்தான். வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் குழாய்க்குள் எரிகிறது. இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல சைலன்சர் மாட்டினாலும் பாதிச் சத்தம் அப்படியே இருக்கும். வால்வைத் திறக்கிற டேப்பட்டின் கடகடப்பும் இன்ஜின் கணக்கில்தான் சேரும், அதைச் சைலன்சர் கணக்கில் எழுதாதீர்கள்.

இனி சைலன்சருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கும்போது கடைக்காரர் பேச்சில் மயங்காமல் இருக்க இது ஒன்றுதான் உதவும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 25 வெடிப்பு. இது மிகத் தாழ்ந்த ஒலி. இதை அடக்க இடம் வேண்டும். வாயு ஒரு பெரிய அறைக்குள் வந்து விரிந்து, தடுப்பில் மோதித் திரும்பி, இன்னொரு அறைக்குள் புகுந்து வேகம் இழக்க வேண்டும். கிளாஸ் வூல் சுற்றிய ஓட்டைக் குழாய் கூர்மையான, கீச்சென்ற ஒலிகளைத்தான் உறிஞ்சும், தாழ்ந்த ஒலி அதற்குப் பிடிபடாது. ஆகவே பெரிய ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு ‘உள்ளே வூல் நிறைய இருக்கு அண்ணே’ என்ற உறுதிமொழி போதாது. அறை எத்தனை, உடல் எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி. குட்டையான சைலன்சர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அமைதிக்கு உதவாது.

கடையில் சொல்கிற பெயர்களையும் நம்ப வேண்டாம். கோல்ட்ஸ்டார், பஞ்சாபி, ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், டால்ஃபின் எல்லாம் வெளி உருவத்துக்கான பெயர்கள். ஒரே கோல்ட்ஸ்டார் உருவத்தில் உள்ளே அறை வைத்ததும் வரும், வெறும் குழாயும் வரும். நான் கடையில் கேட்பது ஒரே கேள்வி: “தம்பி, இதுல டார்ச் அடிச்சா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுமா?” தெரிந்தால் அது நேர்குழாய். உள்ளே வூல் இருந்தாலும் சரி, என் காரியத்துக்கு ஆகாது. தெரியவில்லை என்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

கையில் தூக்கிப் பாருங்கள். அதே நீளமுள்ள இரண்டை இரண்டு கையிலும் பிடித்தால் எது உள்ளே சரக்குள்ளது என்று உடனே தெரிந்துவிடும். விரல் முட்டியால் தட்டுங்கள். மெல்லிய தகரம் ‘ணங்’ என்று நீளமாக ஒலிக்கும், தடித்த தகடும் தடுப்பும் உள்ளது ‘டொக்’ என்று நின்றுவிடும். இது முக்கியம், ஏனென்றால் மெல்லிய தகரம் தானே அதிர்ந்து வெளியே சத்தம் போடும். பிறகு குலுக்குங்கள். உள்ளே ஏதாவது ஆடினால் வெல்டிங் விட்ட தடுப்பு, வேண்டாம். சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ பழைய ஸ்டாக் கம்பெனி சைலன்சர் கிடைத்தால் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு காகிதத்தின் மேல் தட்டுங்கள். செம்மண் போலத் துரு கொட்டினால் வெளியே குரோம் எவ்வளவு மின்னினாலும் உள்ளே உளுத்துவிட்டது என்று அர்த்தம். துரு கொட்டாத பழைய கம்பெனிச் சைலன்சர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இந்த இன்ஜினுக்கென்றே அறை கணக்கிட்டுச் செய்தது, அதற்கு ஈடாக வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

வெர்னியர் காலிப்பர் கையோடு இருக்கட்டும். பெண்ட் பைப்பின் வெளிவிட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 350-க்கும் 500-க்கும் உள்ள சாமான்கள் கடையில் ஒரே ஆணியில் தொங்கும். பெரிதாக இருந்தால் தகரம் சுற்றி இறுக்கிவிடலாம் என்பார்கள். சுற்றிய தகரம் சூட்டில் தளரும், காற்று ஒழுகும், மறுபடி ‘பட் பட்’. லேத்தில் சரியான புஷ் (இடைவளையம்) கடைந்து போட்டால் அது வேறு விஷயம். தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட் ஓட்டை இழுத்துப் பிடிக்காமல் தானாக உட்கார வேண்டும். இழுத்து மாட்டினால் இந்த இன்ஜினின் அதிர்வு அந்த இடத்தைச் சீக்கிரம் விரிசல் விட வைத்துவிடும். கடை வாசலிலேயே வைத்துப் பார்த்து, கிக்கரைக் கடைசிவரை மிதியுங்கள், சைலன்சரில் இடிக்கக்கூடாது. பஞ்சர் ஆனால் பின்சக்கரத்தைக் கழற்ற இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சத்தத்தை எப்படி ஒப்பிடுவது? போனில் டெசிபல் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவை சொல்லும் எண்ணைச் சட்ட எண்ணோடு ஒப்பிடக்கூடாது, ஆனால் பழையதையும் புதியதையும் ஒப்பிடப் போதும். திறந்தவெளியில், சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, வாய்க்கு நேர் பின்னால் இல்லாமல் 45 டிகிரி பக்கவாட்டில், அதே உயரத்தில் போனைப் பிடியுங்கள். நேர் பின்னால் பிடித்தால் காற்று மைக்கில் அடித்து எண் பொய்யாகிவிடும். ஐடிலிங்கில் ஒரு முறை, ஆக்சிலேட்டர் பிடியில் சாக்பீஸால் போட்ட ஒரே அடையாளம் வரை திருப்பி ஒரு முறை. 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தெரியும். 3 குறைந்தால்கூட ஒலியின் ஆற்றல் பாதியாகிறது, அதனால் சின்ன எண் என்று ஒதுக்காதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 120-ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. சைலன்சர் இருக்க வேண்டும் என்பதில் பழைய வண்டிக்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம். 2003 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரான, 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு 80 டெசிபல் வரம்பு. இது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. போனை அரை மீட்டரில் வைத்தால் எண் மிக அதிகமாகத்தான் காட்டும், பதற வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். எனக்கு அபராதத்தைவிட எதிர்வீட்டுக் குழந்தையின் தூக்கம் பெரிது, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது.

ஆர்எக்ஸ் 100, பழைய யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அங்கே சைலன்சரின் உருவமே இன்ஜினின் இழுவையை நிர்ணயிக்கிறது. அதே மாடலுக்கான சைலன்சரைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள்.

புல்லட்டில் மாட்டி முடித்ததும் கார்பரேட்டரைப் பார்க்க வேண்டும், பலர் மறந்துவிடுவது இதைத்தான். வெறும் குழாய் மாட்டியவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் விடுகிற துளையான மெயின் ஜெட்டையும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தடுப்புள்ள சைலன்சருக்கு மாறியதும் அந்த ஜெட் அதிகமாகப் பெட்ரோல் விடும். கரும்புகை வரும், மைலேஜ் விழும், பிளக் கரியாகும். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணுக்கே ஜெட்டை மாற்றி, ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளங்காப்பி நிறம் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. பெண்ட் பைப் நீலம் பாய்ந்தால் அதோடு பாயிண்ட் டைமிங்கையும் (பிளக்கில் பொறி விழும் நேரத்தையும்) பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் தாமதமானாலும் சூடு குழாய்க்குத்தான் போகும். “இழுவை குறைஞ்சிருச்சு, சைலன்சர் சரியில்ல” என்று வருகிற புகார்களில் நிறைய இந்த ஜெட்டாலும் டைமிங்காலும் வருபவை.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, குளிர்ந்த நிலையில் எல்லாக் கிளாம்பையும் நட்டையும் மறுபடி இறுக்குங்கள். சைலன்சரின் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அது உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்கு. ஊசியால் குத்திச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் சத்தம் வருகிறது என்று யாராவது வெல்டிங் வைக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தெருமுனைக் கடை வரை மட்டும் ஓட்டுகிற வண்டியில் அந்தத் தண்ணீர் ஆவியாகவே வாய்ப்பில்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது சைலன்சர் முழுக்கச் சூடேறும் வரை நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள்.