பெருந்தொற்றுக் காலத்தில் நாடோடி வாழ்க்கை: பழனி மலையில் ஓர் ஊரில் தங்கிவிடுவது எப்படி?

2020 மார்ச் மூன்றாம் வாரத்தில், மூன்று நாள் தங்கலாம் என்று கொடைக்கானலை அடுத்த மலையூரான பூம்பாறைக்குப் போனேன். 24ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. மூன்று நாள் ஐந்து மாதமாயிற்று. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் ஒரே முதுகுப்பையோடு ஊர் ஊராகத் திரிந்தவன் நான்.

அறிவிப்பு வந்த மறுநாள் காலை, வீட்டுக்காரப் பாட்டி வாசற்படியில் நின்று ஒன்றுதான் கேட்டார்: "எந்தெந்த ஊரைத் தொட்டுவிட்டு வருகிறாய், தம்பி?" விரல் விட்டு எண்ணினேன். மதுரை, திண்டுக்கல், வத்தலக்குண்டு, கொடைக்கானல். ஒன்பது நாளில் நான்கு ஊர், நான்கு பஸ், இரண்டு விடுதி. மலைக்கு நோயைச் சுமந்து வரக்கூடியவன் என்னைப் போன்றவன்தான் என்று அன்று உறைத்தது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் பாட்டியின் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

முதல் படி: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

காட்சியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், மருத்துவமனையின் தூரத்தைப் பாருங்கள். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் தேனிக்கோ மதுரைக்கோ மலையிறங்க வேண்டும். மன்னவனூர் அழகுதான், ஆனால் அங்கிருந்து கொடைக்கானலுக்கு வரவே 30 கிலோமீட்டருக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் சரிந்தால் அந்த வழியும் அடைபடும். ஆஸ்துமா உள்ளவர்களும் வயதானவர்களும் கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் பார்ப்பது நல்லது. காப்பித் தோட்டங்கள் நிறைந்த பகுதி, குளிரும் குறைவு.

இரண்டாம் படி: இ-பாஸ்

இ-பாஸ் என்பது பயணத்துக்கு முன் இணையத்தில் வாங்கும் அரசு அனுமதிச் சீட்டு. 2020 செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கு இடையே இ-பாஸ் தேவையில்லை என்றானபோதும், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது தொடர்ந்தது. பிறகு கூட்டத்தைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மீண்டும் வந்தது. விண்ணப்பத்தில் உண்மையான காரணத்தையே எழுதுங்கள். ஒரு பிரதியைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

மூன்றாம் படி: வந்ததும் 14 நாள்

வீட்டை விட்டு வெளியே வராமல் 14 நாள் இருப்பதற்கான சாமான்களைச் சமவெளியிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். ஊர்க் கடையில் இருப்பது ஊராருக்கு. ஒரு ஆளுக்கு நான்கு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, எண்ணெய், உப்பு, புளி, மிளகாய்த் தூள், காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். குக்கரை மறக்கவே கூடாது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். முதல் நாள் திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பை ஒன்றரை மணி நேரம் வேகவைத்தேன். விரலில் நசுக்கினால் நடுவில் கல் போலவே இருந்தது.

15ஆம் நாள் காலை என் வாசலில் ஒரு பிடி மலைப்பூண்டு இருந்தது, பூண்டுத் தண்டுகளைச் சேர்த்து முடிந்து. பாட்டி வைத்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது; அதன் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

நான்காம் படி: குளிரும் காற்றும்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கொரோனா காற்றில் பரவுகிறது. அறைக்குள் காற்றோட்டம் வேண்டும். மலை வீடுகளோ குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்துபவை. எதிரெதிரே இரண்டு ஜன்னல்களை நான்கு விரல் அளவுக்காவது திறந்து வையுங்கள். குளிருக்குக் கம்பளியை இன்னொன்று போர்த்திக்கொள்ளலாம்.

கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அப்படித் தூங்கியவர்கள் எழாமலே போன செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனைச் சதவீதத்தில் அளக்கும் ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மூச்சு முட்டிக்கொண்டிருப்பவருக்கும் 98 என்று காட்டும்.

ஆக்சிமீட்டர் கட்டாயம் வேண்டும், ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஜூலையில் ஒரு விடிகாலை எனக்கு 88 காட்டியது. நெஞ்சு படபடத்தது. விரல் பனிக்கட்டியாக இருந்தது. இரண்டு கைகளையும் சூடான டீ டம்ளரைச் சுற்றி ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி மாட்டினேன்; 96. வந்த நாளிலிருந்தே காலையும் மாலையும் உங்கள் வழக்கமான அளவைக் குறித்து வையுங்கள். உயரத்தில் அது சமவெளியைவிட ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். கை சூடாக இருந்தும் 94க்குக் கீழே போனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஐந்தாம் படி: வேலையும் பணமும்

முன்பணம் தரும் முன் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு வீடியோ அழைப்பு பேசிப் பாருங்கள். இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதச் செலவைச் சில்லறை நோட்டாகக் கையில் வையுங்கள்.

ஆறாம் படி: நடந்து பாருங்கள்

ஊர் தாண்டாமலும் பயணம் உண்டு. குழந்தை வேலப்பர் கோயில் தெருவிலிருந்து பூண்டு வயல் வரப்புகள் வரை, ஒரே வழியை அறுபது முறை நடந்தேன். விதைப் பல் ஊன்றியதிலிருந்து தாள் மஞ்சளாகிச் சாயும்வரை பார்த்தேன். ஆறு ஆண்டு அலைச்சலில் எந்தப் பயிரையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். மாலை மூடுபனியில் காட்டுமாடு பத்தடி தூரத்தில் வந்து நிற்கும்வரை தெரியாது. இந்த மலையின் பழங்குடிகளான பளியரின் குடியிருப்புகளுக்கு அழைப்பின்றி ஒருபோதும் போக வேண்டாம். நோய் வந்தால், உங்கள் வீட்டிலிருந்து இருப்பதைவிட அங்கிருந்து மருத்துவமனை தொலைவு.

கடைசிப் படி: இறங்குவது

வந்தபோது காட்டிய கவனம் போகும்போதும் வேண்டும். வீட்டுக்காரரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கிய 14 நாளுக்குள் உங்களுக்குக் காய்ச்சல் கண்டால் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் இல்லையென்றாலும் சொல்லுங்கள். 14ஆம் நாள் நான் அழைத்தபோது பாட்டியே எடுத்தார். காய்ச்சல் இல்லை என்றேன். இரண்டாம் போகத்துக்குப் பூண்டு ஊன்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.