வேலைக்குப் போயிட்டே ஆன்லைன்ல கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படிக்கிறது எப்படி

நான் டிப்ளமோ முடிச்சுட்டு ஒரு கம்பெனில டெஸ்க்டாப் சப்போர்ட்ல இருக்கேன், மூணு ஷிஃப்ட்டும் மாறி மாறி வரும். ரேம் மாத்துறது, எஸ்எஸ்டி போடுறது, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) செக் பண்றதுன்னு கை பழகிப்போச்சு, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு யாராவது கேட்டா சிரிச்சு மழுப்பிட்டு போயிடுவேன். அதுக்காகத்தான் படிக்க ஆரம்பிச்சேன். மொத தடவை பாதிலயே விட்டேன், ரெண்டாவது தடவைதான் முடிச்சேன்.

ஆரம்பத்துலயே ஒண்ணு தெளிவா முடிவு பண்ணிக்கோங்க. நம்ம ஊர்ல ஹார்டுவேர் படிக்கிறேன்னு சொன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்றதுன்னு நினைப்பாங்க, காலேஜ் சிலபஸ்ல ஹார்டுவேர்னா லாஜிக் கேட், ப்ராசஸர், மெமரி எப்படி வேலை செய்யுதுங்கிறது. ரெண்டும் வேற வேற படிப்பு. சர்வீஸ் லைன்லயே மேல போகணும்னா காம்ப்டியா ஏ ப்ளஸ் மாதிரி சர்ட்டிஃபிகேட் பாருங்க, அதுல கோர் 1, கோர் 2ன்னு ரெண்டு எக்ஸாம், ஒவ்வொண்ணும் 90 நிமிஷம், 3 வருஷம் செல்லும். பாடத்துக்கு ப்ரொஃபசர் மெஸ்ஸர் வீடியோ யூட்யூப்ல ஃப்ரீயாவே இருக்கு, ஆனா எக்ஸாம் ஃபீஸ் டாலர் கணக்கு, கம்பெனி குடுத்தா மட்டும் போங்கன்னுதான் நான் சொல்லுவேன். இல்ல, எனக்கு உள்ள நடக்குறது புரியணும்னா கீழ படிங்க.

நம்ம நாட்டுல இதுக்கு மொத வாசல் என்பிடெல்ங்கிற ஆன்லைன் கோர்ஸ் தளம்தான். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துறது, கோர்ஸ்ல சேர காசு கிடையாது, சர்ட்டிஃபிகேட் வேணும்னாதான் எக்ஸாமுக்கு 1000 ரூபா கட்டணும். கோர்ஸ் 4, 8, 12 வாரம்னு இருக்கும், ஜனவரிலயும் ஜூலைலயும் ஆரம்பிக்கும். மார்க்ல 25 அசைன்மெண்ட்டுக்கு, 75 எக்ஸாமுக்கு. 12 வார கோர்ஸ்ல உங்க நல்ல 8 அசைன்மெண்ட்டைத்தான் கணக்குல எடுப்பாங்க, அப்படின்னா நாலு வாரம் சொதப்பினாலும் தப்பிக்கலாம், ஷிஃப்ட் ஆளுங்களுக்கு இது பெரிய விஷயங்க. ஆனா பாஸாக அசைன்மெண்ட்ல 25க்கு 10, எக்ஸாம்ல 75க்கு 30ன்னு ரெண்டுலயும் தனித்தனியா எடுக்கணும், ஒண்ணுல நிறைய எடுத்து இன்னொண்ணை இழுத்துட்டு வர முடியாது.

வரிசை முக்கியம். மொதல்ல டிஜிட்டல் சர்க்யூட்ஸ், அப்புறம் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் அண்ட் ஆர்கிடெக்சர், அதுக்கப்புறம் வெரிலாக், அதாவது சர்க்யூட்டை கோடா எழுதுற மொழி. நான் மொத தடவை ஆர்வக்கோளாறுல மூணையும் ஒரே செமஸ்டர்ல எடுத்தேன், மூணாவது வாரம் நைட் ஷிஃப்ட் வந்துச்சு, அஞ்சாவது வாரம் மூணு கோர்ஸையும் தொறக்கக்கூட மனசு வரல. ஒரு செமஸ்டருக்கு ஒண்ணே ஒண்ணு போதும். இங்கிலீஷ் லெக்சர் வேகமா போகுதேன்னு பயந்தீங்கன்னா நிறைய கோர்ஸுக்கு லெக்சரை தமிழ்ல மொழிபெயர்த்து பிடிஎஃப்பா போட்டிருக்காங்க, தமிழ் கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், ஆனா ஒரு தடவை அதைப் படிச்சுட்டு வீடியோ பார்த்தா நல்லா ஏறும்.

டிகிரியே வேணும்னு நினைக்கிறவங்களுக்கு ஐஐடி மெட்ராஸ் 2023ல ஆரம்பிச்ச எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பிஎஸ் இருக்கு. ஜேஇஇ வேணாம், ப்ளஸ் டூல மேத்ஸும் ஃபிசிக்ஸும் இருக்கணும், 4 வாரம் பாடம் நடத்தி ஒரு குவாலிஃபையர் எக்ஸாம் வைப்பாங்க, அதுல தேறினா உள்ள. பாடம் ஆன்லைன், எக்ஸாம் நேர்ல, லேபுக்கு சென்னை கேம்பஸுக்கு வரணும், அதனால லீவை இப்பவே சேர்த்து வைக்க ஆரம்பிங்க. இது பிஎஸ், பி.டெக் இல்லங்கிறதையும் மனசுல வச்சுக்கோங்க. "வீட்ல இருந்தே ஆன்லைன்ல பி.டெக்"னு யாராவது போன் பண்ணினா கட் பண்ணிடுங்க, எஞ்சினியரிங் டிகிரியை கரஸ்ல நடத்த அனுமதியே கிடையாது, 2017ல சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் சொல்லுச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணன் இப்படி ஒரு இடத்துல அட்வான்ஸ் கட்டிட்டு இன்னும் திரும்பக் கேட்டுட்டு இருக்காரு.

இப்ப நேரத்துக்கு வருவோம். ஒரு கோர்ஸுக்கு வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம் வரைக்கும் வீடியோ இருக்கும், அதோட அசைன்மெண்ட், நோட்ஸ்னு 6 மணி நேரம் ஒதுக்கினாத்தான் ஓடும். ஜெனரல் ஷிஃப்ட் வாரத்துல காலைல எழுந்து ஒரு மணி நேரம். நைட் ஷிஃப்ட் வாரத்துல புதுப் பாடம் எதையும் தொடாதீங்க, தூங்குங்க, கம்பெனி பஸ்ல போகும்போது ஏற்கனவே பார்த்த லெக்சரை 1.5 ஸ்பீடுல காதுல ஓடவிட்டா போதும். அசைன்மெண்ட்டை மட்டும் ஞாயித்துக்கிழமையே சப்மிட் பண்ணிடுங்க, கடைசி நாள் ராத்திரி 11:55க்கு உக்காந்தா அன்னைக்குன்னு பார்த்து சர்வர் டவுன்னு கால் வரும். எக்ஸாம் தேதி கோர்ஸ் ஆரம்பிக்கும்போதே போட்டிருப்பாங்க, அன்னைக்கே டீம் லீடுகிட்ட மெயில்ல சொல்லி வைங்க, வாயால சொன்னா மறந்துடுவாங்க. என் விஷயத்துல மறந்துட்டாங்க, நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு அப்படியே போய் எக்ஸாம் எழுதினேன், கண்ணு எரிஞ்சுச்சு, 52 மார்க்.

இதெல்லாத்தையும் விட முக்கியமா நான் சொல்ல வர்றது, வீடியோ பார்த்து ஹார்டுவேர் வராது. பார்க்கும்போது எல்லாம் புரியும், அதான் பிரச்சனையே. ஒரு ப்ரெட்போர்டு (சால்டர் பண்ணாம ஒயரை சொருகுற போர்டு), ரெண்டு 74எல்எஸ்00 ஐசி, கொஞ்சம் ஒயர், எல்இடி, ரெசிஸ்டர், ரெண்டு பட்டன் வாங்குங்க, ஒரு பிரியாணி காசுக்கு சுத்திதான் ஆகும். 5 வோல்ட்டுக்கு பழைய போன் சார்ஜரும் ஒரு வேஸ்ட் யூஎஸ்பி கேபிளும் போதும், சிவப்பு ப்ளஸ், கருப்பு கிரவுண்டு, மீட்டர்ல பார்த்துட்டு குடுங்க.

அந்த 14 கால் ஐசிக்குள்ள நாலு நேண்ட் கேட் இருக்கு, ஒவ்வொண்ணும் ரெண்டு இன்புட்டும் 1ஆ இருந்தா மட்டும் 0 குடுக்கும். நாலையும் சேர்த்தா ஒரு எக்ஸார் கேட் வரும், ரெண்டு இன்புட்ல ஒண்ணு மட்டும் 1ஆ இருந்தாத்தான் அது 1 குடுக்கும். 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் காலுக்கு கிரவுண்டு. மொத இன்புட்டை, அதாவது மொத பட்டன் வழியா வர்ற 5 வோல்ட்டை, 1லயும் 4லயும் குடுங்க, ரெண்டாவதை 2லயும் 10லயும். 3ல வர்ற அவுட்புட்டை 5க்கும் 9க்கும் இழுங்க, 6ல இருந்து 12க்கு, 8ல இருந்து 13க்கு. 11ல 330 ஓம் ரெசிஸ்டர் வழியா எல்இடி. ரெண்டு பட்டன்ல ஏதாவது ஒண்ணை மட்டும் அமுக்கினா எரியணும், ரெண்டையும் அமுக்கினா அணையணும். கூட்டல் போடுற சர்க்யூட்டோட பாதி இதுதான். மீதி பாதி கேரி, அதாவது கூட்டும்போது அடுத்த இடத்துக்குப் போற மிச்சம், அதுக்கு அந்த 3ல வர்றதை இன்னொரு நேண்ட்ல திருப்பினா போதும், ரெண்டாவது ஐசி அதுக்குத்தான்.

எனக்கு எரியவே இல்ல. எந்த பட்டனை அமுக்கினாலும் இருட்டு. ஐசி போச்சுன்னு இன்னொண்ணு மாத்தினேன், அதுவும் அப்படியே. ரெண்டு ராத்திரி போச்சு. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, பட்டனை விட்டதும் அந்த இன்புட் எதோடயும் சேராம அந்தரத்துல நிக்குது, எல்எஸ் வகை ஐசி அதை 0ன்னு எடுத்துக்காது, 1ன்னுதான் எடுத்துக்கும், ஆக ரெண்டு இன்புட்டும் எப்பவும் 1, எக்ஸார் எப்பவும் 0. நெட்ல பார்த்து 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டரை கிரவுண்டுக்கு போட்டேன், அப்பவும் வரல, ஏன்னா எல்எஸ் இன்புட்ல இருந்து 0.4 மில்லியாம்ப் வரைக்கும் வெளிய வரும், 10கேல அது இன்புட்டை 0ன்னு எடுக்குற அளவுக்கு இறங்கவே விடாது, 0.8 வோல்ட்டுக்குக் கீழ வந்தாத்தான் 0. 1கே போட்டதும் எரிஞ்சுச்சு. டேட்டாஷீட்னு (ஐசி கம்பெனி தர்ற விவரத்தாள்) லெக்சர்ல பத்து தடவை கேட்டிருப்பேன், அன்னைக்குத்தான் தொறந்து படிச்சேன்.

கையில காசு டைட்டுன்னா டிங்கர்கேட், சர்க்யூட்வெர்ஸ்னு ரெண்டு சர்க்யூட் சிமுலேட்டரும் பிரவுசர்லயே ஃப்ரீ. இன்னொண்ணு, நேண்ட் டு டெட்ரிஸ்னு ஒரு கோர்ஸ், ஹீப்ரு யுனிவர்சிட்டில இருந்து வந்தது, கோர்சேராவுல கிடைக்கும், ஒரே ஒரு நேண்ட் கேட்ல ஆரம்பிச்சு மொத பாகத்துலயே ஒரு 16 பிட் கம்ப்யூட்டரை நீங்களே சிமுலேட்டர்ல கட்டி முடிச்சுடுவீங்க. டெட்லைன் தொல்லை பெருசா கிடையாது, நைட் ஷிஃப்ட் அதிகமா வர்றவங்க என்பிடெல்லுக்கு பதிலா இதுல ஆரம்பிக்கிறதே நல்லதுன்னு எனக்குத் தோணுது.

வேலையையும் லேப்னு நினைச்சுக்கோங்க. ஆர்கிடெக்சர் கோர்ஸ்ல மெமரி பேண்ட்வித் (விநாடிக்கு எவ்வளவு டேட்டா ரேம்ல போய் வரும்ங்கிறது) வந்த வாரம், ஆபீஸ்ல ஒரு டிசைனரோட சிஸ்டம் ஸ்லோன்னு டிக்கெட் வந்துச்சு. டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா இருக்கு. டிடிஆர்4 3200ன்னா விநாடிக்கு 3200 மில்லியன் தடவை, ஒவ்வொரு தடவையும் 8 பைட், அதாவது 25.6 ஜிபி, ஒரு சேனலுக்கு (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்குற ஒரு பாதைக்கு). பக்கத்து ஸ்லாட் காலி, அதனால ரெண்டாவது சேனல் சும்மா கிடக்கு. ஸ்டோர்ல கேட்டு ரெண்டு 8 ஜிபி வாங்கி சரியான ஸ்லாட்ல போட்டேன், கணக்குப்படி 51.2. அந்த சிஸ்டத்துல கிராஃபிக்ஸும் ப்ராசஸரோட சேர்ந்து இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்குது, வித்தியாசம் அந்த பொண்ணுக்கே தெரிஞ்சுச்சு. டிக்கெட் க்ளோஸ் பண்ணும்போது காரணம்னு இருக்குற கட்டத்துல மொத தடவையா "ரேம் மாற்றப்பட்டது"ன்னு மட்டும் போடாம நாலு வரி எழுதினேன். அந்த வார அசைன்மெண்ட்ல பேண்ட்வித் கணக்கு ரெண்டு வந்துச்சு, நோட்டைத் தொறக்காமலே போட்டேன்.