சிவப்பு அணில் பார்க்கப் போகிறீர்களா? காசு கட்டுமுன் இதைப் படியுங்கள்

லண்டனுக்கு வந்த புதிதில் பூங்காவில் சாம்பல் அணிலைக் கண்டால் பிள்ளைகள் துள்ளுவார்கள். இரண்டு கிழமையில் அது அலுத்துப்போகும். பிறகு பள்ளிக்கூடத்தில் ரீச்சர், இந்த நாட்டின் சொந்த அணில் சிவப்பு என்று சொல்லிக்கொடுப்பார். அன்றைக்குத் தொடங்கும் நச்சரிப்பு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது.

போன ஓகஸ்ட் விடுமுறையில், "சிவப்பு அணில் பார்க்கலாம்" என்ற விளம்பரத்தை நம்பி, லண்டனிலிருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓடி ஒரு விலங்குப் பூங்காவுக்குப் போனோம். எனக்கும் மனைவிக்கும் மாமிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நுழைவுச்சீட்டு எண்பது பவுணுக்கு மேல். உள்ளே போனால் கம்பிவலைக் கூடு. அதற்குள்ளே ஒரு மரப்பெட்டி. பெட்டியின் ஓட்டையில் வால் நுனி மட்டும் தெரிந்தது. முக்கால் மணித்தியாலம் நின்றோம், அணில் வெளியே வரவில்லை. சின்னவன் கேட்டான்: "அப்பா, இதை ஏன் அடைச்சு வைச்சிருக்கினம்?" எனக்குப் பதில் வரவில்லை. காசைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. அவர்கள் பொய் எழுதவில்லை, "பார்க்கலாம்" என்றுதான் எழுதியிருந்தார்கள். காட்டில் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். ஊரில் அணில் பார்க்க எவனாவது காசு கட்டியிருப்பானா? கொய்யாமரத்தடியில் நின்றால் போதும்.

ஆகவே ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். இங்கிலாந்தின் தென்பகுதியில், கடலுக்கு இந்தப் பக்கம், காட்டுச் சிவப்பு அணில் இல்லை. தீவுகளில்தான் உண்டு. லண்டனைச் சுற்றி யாராவது சிவப்பு அணில் காட்டுகிறோம் என்றால் அது கூட்டுக்குள்ளேதான் இருக்கும். சீட்டு எடுக்குமுன் போன் எடுத்து "கூட்டிலா, வெளியிலா?" என்று கேளுங்கள்.

ஏன் தீவில் மட்டும்? சாம்பல் அணில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. 1876இல் செஷயரில் ஒரு பணக்காரத் தோட்டத்தில் விட்டதுதான் முதலாவது பதிவு. அது உடம்பில் ஒருவகை அம்மை வைரஸைக் காவித் திரியும், ஆனால் அதற்கு ஒன்றும் ஆகாது. சிவப்புக்குத் தொற்றினால் பெரும்பாலும் சாவுதான். போதாததற்கு, ஓக் மரத்துக் காயைப் பழுக்குமுன்னே சாம்பல் தின்று தீர்த்துவிடும். சிவப்புக்கு அது செமிக்காது. தெற்கில், சாம்பல் நீந்தி வர முடியாத இடங்களில்தான் சிவப்பு தப்பிக் கிடக்கிறது.

தெற்கில் இருப்பவர்கள் பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ தீவுக்குப் போகலாம். வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம், பிறகு படகு. படகுக் காசு வேறு, தீவுக் காசு வேறு. தீவைப் பராமரிக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை இருந்தாலும் படகுக்குக் கட்டத்தான் வேண்டும். குளிர்காலத்தில் பெரும்பாலும் பூட்டியிருக்கும், நாள் பார்த்துப் போங்கள். ஐல் ஒஃவ் வைட் தீவில் பார்க்ஹர்ஸ்ட் காட்டுக்கு நுழைவுக் காசு இல்லை, மறைந்திருந்து பார்க்க ஒரு குடிலும் கட்டியிருக்கிறார்கள். காரைக் கப்பலில் ஏற்றினால் செலவு ஏறும், நடந்து ஏறி அங்கே பஸ் பிடியுங்கள்.

எங்களுக்கு வாய்த்தது வடக்கில். லிவர்பூலில் மச்சான் வீடு. லிவர்பூல் சென்ட்ரலில் சவுத்போர்ட் ரயில் எடுத்து ஃபிரெஷ்ஃபீல்டில் இறங்கி, இருபது இருபத்தைந்து நிமிடம் நடந்தால் ஃபோர்ம்பி பைன் காடு. நடந்து போகிறவர்களுக்குக் காசில்லை, கார் நிறுத்தத்தான் காசு. 2008இல் இங்கே அந்த அம்மை வந்து பத்தில் எட்டுக்கு மேல் செத்துப்போனதாம். மிஞ்சினவை பெருகித்தான் இன்றைக்கு இருக்கின்றன. அதை வாசித்துவிட்டுப் போனதாலோ என்னவோ, முதலாவது அணிலைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒக்டோபர் காலை, எட்டு மணிக்கு முன்னமே போய்விட்டோம். அணிலைத் தேடி அலையாதீர்கள், ஒரு இடத்தில் இருங்கள். மேலேயிருந்து பைன் காய்ச் செதில் பொலபொலவென்று விழும், அங்கே நிமிர்ந்து பாருங்கள். பிள்ளைகள் இருபது நிமிடம் வாய் மூடி இருந்தால் போதும். மாமி ஊர்ப் பழக்கத்தில் ஒரு பை கச்சான் (நிலக்கடலை) கொண்டுவந்திருந்தார். நான் எடுக்க விடவில்லை. கச்சானையே தின்றால் கல்சியம் குறைந்து எலும்பு கெட்டுப்போகும், எல்லாம் ஒரே இடத்தில் கூடித் தின்றால் நோயும் பரவும். மாமிக்குக் கோபம். அணிற்பிள்ளைக்குத் தின்னக் கொடுக்காமல் எப்படி வருவது என்று மத்தியானம் வரைக்கும் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிறகு அவரே காட்டினார்: "அந்தா, முதுகில கோடில்லை. இராமர் தடவாத அணில்."

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சாம்பல் அணிலுக்கும் கோடையில் முதுகிலும் காலிலும் செம்மண் நிறம் ஏறும். அதைப் படமெடுத்து "கண்டுவிட்டோம்" என்று அனுப்புகிறவர்கள் எங்கள் வட்டத்திலேயே நாலு பேர். வாலைப் பாருங்கள். சாம்பலின் வால் ஓரத்தில் வெள்ளைக் கரை இருக்கும், சிவப்பின் வால் ஒரே நிறம். சிவப்பு ஆளும் சின்னது, ஏறக்குறைய பாதி நிறை. காதுமயிர்க் குஞ்சம் குளிர்காலத்தில்தான் நன்றாகத் தெரியும், கோடையில் அதை நம்பாதீர்கள்.

ஸ்கொட்லாந்தில் வந்து இறங்கியவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. பிரித்தானியாவின் சிவப்பு அணில்களில் முக்கால்வாசி அங்கேதான். டங்கெல்டுக்குப் பக்கத்தில் லொக் ஒஃவ் த லோஸ் ஏரிக்கரை, வடக்கே அபர்னெதி காடு. வேல்ஸில் என்றால் ஆங்கில்சி தீவின் நியூபரோ காடு, நியூகாஸில் பக்கத்தார் கீல்டர் காட்டுக்குப் போகலாம்.

ஃபோர்ம்பிக்கு வெயில் நாளில், சனி ஞாயிறில் காரில் போகவே வேண்டாம். கடற்கரைக்கு வருகிற கூட்டத்தில் தெருவே நின்றுவிடும். ரயிலில் போங்கள், இடியப்பத்தைக் கட்டிக்கொண்டு போங்கள், கச்சான் பையை வீட்டில் வையுங்கள்.