கார் சீட்டில் பால் வாடை: என் அனுபவம்

சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய பால் பாக்கெட் பின் சீட்டில் கசிந்துவிட்டது. உடனே துடைத்தாயிற்று, கறையும் இல்லை. ஆனால் திறந்தவெளி கார்பார்க்கில் மதியம் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் புளித்த வாடை குப்பென்று அடிக்கும். ஏர்கான் ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது.

சமையல் சோடா தூவி இரவு முழுக்க விட்டு வேக்குவம் போட்டேன், கொஞ்ச நேரம்தான் தாங்கியது. வாசனைப் புட்டி வைத்ததில் இன்னும் மோசம். கார் கழுவும் இடத்தில் நீராவி அடிக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். சூடு பட்டால் பாலின் புரதம் துணியிலேயே இறுகிவிடும்.

அப்புறம்தான் சீட் பெல்ட் பக்கிள் வெளியே வரும் பிளவில் டிஷ்யூவை நுழைத்துப் பார்த்தேன். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, அதே நாற்றத்தோடு வந்தது. பால் அந்த வழியாக இறங்கி ஃபோமின் அடிப்பக்கத்தில் ஊறியிருக்கிறது, மேலே எவ்வளவு தேய்த்து என்ன பயன்?

சீட்டின் அடிமெத்தையைக் கழற்றி, செல்லப்பிராணிக் கடையில் விற்கும் என்சைம் கிளீனரை (புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்) ஃபோம் நன்றாக நனையும்படி ஊற்றி, காய்ந்துவிடாமல் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி இரவு முழுக்க விட்டேன். வாடை போயே போய்விட்டது, அப்பாடா. கிருமிநாசினியை மட்டும் கூடவே ஊற்றாதீர்கள், என்சைம் வேலை செய்யாமல் போகும். பிறகு குளிர்ந்த தண்ணீர், ஈரம் உறிஞ்சும் வேக்குவம், வீட்டில் மின்விசிறி முன்னால் நன்றாகக் காயும்வரை. சிங்கப்பூர் ஈரக்காற்றில் அவசரப்பட்டு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அதை நனைக்கவோ கழற்றவோ வேண்டாம், பெரும்பாலும் அது ஏர்பேக் ஒயர்.