இந்தக் கதை அந்தக் கதைக்கு என்ன முறை? ஸ்டார் டிரெக் மேப் போடலாம் வாங்க

நம்ம சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டுல ஒரு கல்யாணத்துக்குப் போனீங்கன்னா, பந்தல் ஓரமா உக்காந்து வெத்தலை போடுற பாட்டி உங்க பேரைக் கேக்காது, "நீ யாரு வூட்டுப் புள்ள?"ன்னுதான் கேக்கும். சொந்தம்னு பொதுவா சொன்னாலும் விடாது, என்ன முறை, அப்பா வழியா அம்மா வழியான்னு தோண்டிக் கேட்டு, கடைசில உங்களைத் தனக்குப் பேரன் முறை ஆக்கிட்டுத்தான் விடும். ஸ்டார் டிரெக்னு விண்வெளிக் கப்பல் கதையா டிவி சீரிஸும் படமுமா வருதே, அதுல எந்தக் கதை எதுலேருந்து வருதுன்னு மேப் போடுறதும் அந்தப் பாட்டி வேலைதான். நான் முதல்ல போட்ட மேப்புல எல்லாத்தையும் சும்மா கோடு இழுத்து சேர்த்துட்டேன், மூணு மாசம் கழிச்சுப் பாத்தா எந்தக் கோடு எதுக்குன்னு எனக்கே தெரியல. கோடு இருந்துச்சு, முறை இல்ல.

ஆப் எதுவும் வேணாம். டவுன்ல ஸ்டேஷனரி கடையில மாஜோங் பேப்பர்னு விக்கிற பெரிய வெள்ளைத் தாள் ரெண்டு, கருப்பு, நீலம், சிவப்புல மார்க்கர், பழைய காலண்டர் அட்டை வெட்டின சின்ன கார்டுங்க. அவ்ளோதான்.

ஸ்டெப் 1: ஒரு கதையை மட்டும் பிடிங்க

1966ல ஆரம்பிச்ச முதல் சீரிஸ் மட்டுமே 3 சீசன், 79 எபிசோட். அதுக்கப்புறம் எத்தனை சீரிஸ், எத்தனை படம். எல்லாத்தையும் மேப்புல ஏத்துறேன்னு உக்காந்தா தீபாவளிக்கு முறுக்கு சுட உக்காந்த மாதிரி முடியவே முடியாது. ஒரு ஆளையோ ஒரு எதிரியையோ பிடிங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது கான்ங்கிற வில்லன்.

ஸ்டெப் 2: கார்டுல ரெண்டு வருஷம் எழுதுங்க

கதை பேரு, அது வெளிவந்த வருஷம் கருப்புல, கதைக்குள்ள நடக்குற வருஷம் நீலத்துல. இதை யாரும் சொல்லித் தரல, சொதப்பித்தான் கத்துக்கிட்டேன். 'ஃபர்ஸ்ட் காண்டாக்ட்' படம் வந்தது 1996, ஆனா கதை 2373ல தொடங்கி பின்னாடி 2063க்குப் போகுது, ஒரே கார்டுல ரெண்டு நீலம் வரும், அதுக்கு இடம் விட்டு எழுதுங்க.

ஸ்டெப் 3: அம்பு போடுங்க, அம்பு மேல முறையை எழுதுங்க

'ஸ்பேஸ் சீட்' எபிசோட் 1967 பிப்ரவரி. அதுல கானையும் அவன் ஆளுங்களையும் கேப்டன் கிர்க் ஒரு ஆளில்லாத கிரகத்துல கொண்டுபோய் விட்டுடுறாரு. 1982ல வந்த 'தி ராத் ஆஃப் கான்' படத்துல அவன் பழிவாங்க வர்றான். அம்பு மேல "தொடர்ச்சி"ன்னு மட்டும் எழுதாதீங்க, அது "சொந்தம்"னு சொல்ற மாதிரி. "இங்க விட்டுட்டுப் போனது, அங்க பழியா வருது"ன்னு எழுதுங்க.

அம்பு தடிமனா மெல்லிசான்னு எப்படி முடிவு பண்றது? முதல் கார்டைக் கையால மறைங்க. ரெண்டாவது கதை நொண்டுதுன்னா தடிமன். யாராவது ஒருத்தர் தலையைக் காட்டிட்டுப் போறாங்க, பேரு மட்டும் அடிபடுதுன்னா புள்ளிக்கோடு. ராத் ஆஃப் கான் தனியாவும் நிக்கும்தான், ஆனா அவன் கோபம் பாதி காத்துல தொங்கும், அதனால நான் தடிமனாவே போட்டேன்.

இங்கதான் என் அக்கா பையன் என்னை மடக்கினான். அந்தப் படத்துல கான், கிர்க்கோட ஆளான செக்காவைப் பாத்ததும் "உன் மூஞ்சி எனக்கு மறக்காது"ங்கிற மாதிரி பேசுவான் இல்லையா, இவன் தே தாரிக்கைக் கீழ வச்சிட்டு, "மாமா, செக்காவ் அந்த எபிசோட்லயே இல்லையே"ங்குறான். சரிதான், செக்காவ் சீரிஸ்குள்ள வந்ததே ரெண்டாவது சீசன்ல, ஸ்பேஸ் சீட் முதல் சீசன். அப்ப அவரு கப்பல்ல வேற எங்கயோ வேலை பாத்திருப்பாருன்னு ரசிகருங்க சமாதானம் சொல்வாங்க, எனக்கும் அது பிடிக்கும், ஆனா அந்த எபிசோட்ல காட்டாததை அம்பா போடக் கூடாது. சிவப்பு மார்க்கர்ல ஒரு கேள்விக்குறி, ஓரமா அந்த சமாதானம்.

ஸ்டெப் 4: பங்காளிங்களை வேற தாள்ல வைங்க

2013ல 'இன்டு டார்க்னெஸ்'லயும் கான் வர்றான். உடனே ராத் ஆஃப் கானுக்குக் கீழ ஒட்டிடாதீங்க! 2009ல வந்த படத்துல நீரோங்கிறவன் 2387லேருந்து 2233க்கு வந்து வரலாற்றையே மாத்திடுறான், அங்கேருந்து வேற காலக்கோடு. ரெண்டுக்கும் தாத்தா ஒருத்தருதான், அதுக்கப்புறம் பாகம் பிரிச்சாச்சு. ரெண்டாவது மாஜோங் பேப்பர் இதுக்குத்தான். ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, 2233ல மட்டும் ஒரு கிளை. அப்புறம் ஒரே ஒரு புள்ளிக்கோடு, ஏன்னா கிர்க்கோட கப்பல் அதிகாரியான சின்ன ஸ்பாக் வயசான ஸ்பாக்கைக் கூப்பிட்டு கானைப் பத்திக் கேப்பாரு, வயசானவரு அந்தத் தாள்லேருந்து இந்தத் தாளுக்கு வந்தவரு.

ஸ்டெப் 5: வட்டம் வந்தா பயப்படாதீங்க

கான் மேப் கை வந்தபிறகு போர்க் பக்கம் போங்க, பிடிச்ச ஆளுங்களை பாதி இயந்திரமா மாத்தித் தன்னோட சேத்துக்குற எதிரிக் கூட்டம் அது. 'க்யூ ஹூ' 1989, அங்கதான் இன்னொரு சீரிஸோட கேப்டன் பிகார்ட் ஆளுங்க முதல்ல போர்க்கை நேருக்கு நேர் பாக்குறாங்க. 'பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' 1990, பிகார்டையே பிடிச்சு போர்க்கா மாத்திடுறாங்க. அதுலேருந்து ரெண்டு அம்பு. ஒன்னு 1993ல வந்த 'எமிசரி'க்கு, போர்க்கா மாறின பிகார்ட் முன்னாடி நின்ன சண்டையில அந்தக் கதையோட நாயகன் சிஸ்கோ பொண்டாட்டியை இழந்துட்டாரு, பிகார்டைப் பாக்குறப்ப அவர் கண்ணுல தெரியும். இன்னொன்னு 'ஃபர்ஸ்ட் காண்டாக்ட்'டுக்கு, அதே காயம்தான் பிகார்டைக் கண்மூடித்தனமா சண்டை போட வைக்குது.

அந்தப் படத்துல 2063ல அடிச்சு நொறுக்கின போர்க் கப்பலோட மிச்சம் ஆர்க்டிக் பனியில கிடக்குது. 2003ல வந்த 'ரீஜெனரேஷன்' எபிசோட்ல, அதாவது கதைக்கு 2153ல, அதைத் தோண்டி எடுக்குறாங்க, போர்க் முழிச்சுக்குது, சாகுறதுக்கு முன்னாடி தன் ஊருக்கு ஒரு சிக்னல் அனுப்புது. போய்ச் சேர குறைஞ்சது 200 வருஷம். கூட்டிப் பாருங்க, 2350க்கு மேல. க்யூ ஹூ நடக்குறது 2365. கருப்பு வருஷத்துல கடைசிக் கதை, நீல வருஷத்துல முதல் கதைக்கு முன்னாடி போய் உக்காருது, அம்பு சுத்தி வந்து தொடங்கின இடத்துலயே முட்டும். நான் முதல்ல தப்பா வரைஞ்சுட்டேன்னு நினைச்சு அழிக்கப் போனேன்.

ஆனா அந்த சிக்னலாலதான் போர்க் வந்துச்சுன்னு க்யூ ஹூல யாரும் சொல்லல, அதனால அந்தக் கடைசி அம்பு மட்டும் புள்ளிக்கோடு.

ஸ்டெப் 6: கதைக்குள்ள கதை

சிலது அம்புக்கே அடங்காது. 'தி கேஜ்'னு முதல்ல எடுத்த பைலட்டை, அதாவது மாதிரி எபிசோட்டை, சேனல்காரங்க வேணாம்னுட்டாங்க, அதை வெட்டி 1966ல 'தி மெனாஜரி' எபிசோட்டுக்குள்ள வச்சுட்டாங்க. இதுக்கு சின்ன கார்டைப் பெரிய கார்டு மேலயே ஒட்டிடுங்க.

ஒவ்வொரு தடவை அம்பு போட்டதும் ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க. எங்க லயத்து வீட்டுல ஜன்னல் பக்கம் ஒட்டினது, சாயங்கால மழைச் சாரல்ல நீல மார்க்கர் பூரா கரைஞ்சு, நல்லவேளை கருப்பு வருஷம் மட்டும் தப்பிச்சுச்சு.