டர்போ காருக்கு எந்தப் பெட்ரோல்?

டர்போ என்ஜின் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் என்ஜின்) பொருத்திய காருக்குப் பெட்ரோல் போடுமுன், டேங்க் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைப் படித்துவிடுங்கள். குறைந்தபட்ச ஆக்டேன் எண் (பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) பெரும்பாலும் அங்கேயே இருக்கும், இல்லையேல் கையேட்டில் இருக்கும். இந்தியாவில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் முன்பு 91 ஆக இருந்தது. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95-இல் 95, எக்ஸ்பி100-இல் 100. 95 கேட்கும் என்ஜினில் 91 ஊற்றினால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்பே காற்று-பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்து, மேடேறும்போது டப்பாவில் கூழாங்கல் குலுங்குவது போன்ற ஓசை எழலாம். இவ்வெடிப்பை உணரும் நாக் சென்சார் உள்ள கார், பற்றவைக்கும் நேரத்தைத் தாமதப்படுத்தி என்ஜினைக் காத்துக்கொள்ளும். ஆனால், காசு கொடுத்து வாங்கிய இழுவைத்திறன் அங்கே குறைந்துவிடும். 91 போதும் என்றிருக்கும் காருக்கு 100 போடுவது, என் கணக்கில், வீண் செலவே; ஆக்டேன் என்பது இவ்வெடிப்பைத் தாங்கும் திறனின் அளவேயன்றி எரிபொருளின் சக்தி அன்று.