ராத்திரிக் கவலைக்கு ஒரு காலண்டர் தாள்

தூக்கத்தைக் கெடுக்கும் கவலையை, அன்றைக்குக் கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நாளைக்கு நான் செய்ய வேண்டியது, அந்தப் பக்கம் கர்த்தர் பார்க்க வேண்டியது என்று பிரித்துவிட்டு, ஒரு நிமிஷம் ஜெபித்துப் படுத்துவிடுங்கள். மறந்துவிடுமோ என்றுதான் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கும். எழுதிவிட்டால் ஜெபமும் பொத்தாம்பொதுவாக இல்லாமல் குறிப்பாக வரும். பைபிளில் பிலிப்பியர் 4:6, தேவனிடம் கேட்பதோடு ஸ்தோத்திரத்தையும், அதாவது நன்றியையும், சேர்க்கச் சொல்கிறது, அதனால் தாளின் அடியில் அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மையையும் எழுதுங்கள், தண்டையார்பேட்டை மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது என்றாலும் சரி. தாளிலேயே தேதி இருப்பதால் அப்புறம் எடுத்துப் பார்க்க வசதி, நோட்டுச் செலவும் மிச்சம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் தாளும் வேண்டாம் பேனாவும் வேண்டாம், நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஜெபத்தை ஆட்டோவில் வைத்துக்கொள்ளலாம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருக்கும்போது கர்த்தர் காப்பார் என்று காசிமேட்டிலிருந்து படகை எடுப்பதும் இந்தக் கணக்கில் வராது. மத்தேயு 4:7இல் இயேசு மறுத்தது அப்படித் தேவனைப் பரீட்சை பார்ப்பதைத்தான்.